இரண்டு வேண்டாம்

கோயம்புத்தூர் லைன் கிடைத்தபோது மாஜிதாவுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தாள். "லைட்னிங் கால், காசு பல மடங்கு ஏறும், சீக்கிரம் பேசுங்க" என்று எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் சொல்லிவிட்டு விலகினாள். கரகரப்புக்கு நடுவே டாசனின் குரல் கேட்டது.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல் அது. ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த ஒரு பேண்டேஜ் துணி மில்லில் மாஜிதா கிளார்க். மதுரையில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்பதால் வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை அவளுடையது. அந்த வருஷத் தொடக்கத்தில் முதலாளி, துணியை வேகவைத்து வெளுக்கிற பெரிய டேங்க் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்தார். அதை நிறுத்திக் கொடுக்க வந்த டாசனுக்குத் தமிழ் தெரியாது. டேங்கை ஓட்டப்போகிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. மாஜிதாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னாள். வேலை முடிந்ததும் டாசன் கோயம்புத்தூரில் வேறொரு மில்லுக்குப் போய்விட்டார். சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தார்.

அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது.

துணியைச் சோடா காரத் தண்ணீரில் முக்கி, மூடியைச் சுற்றிலும் நட்டுப் போட்டு இறுக்கி, உள்ளே நீராவி விடுவார்கள். வெந்து முடிந்ததும் நீராவியை அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் காட்டுகிற முள் மெதுவாக இறங்கி பூஜ்யத்துக்கு வர நெடுநேரம் ஆகும். வந்த பிறகுதான் மூடியைத் திறக்கலாம். அன்றைக்கு அந்த முள் ஒரே வீச்சில் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்துவிட்டது. ஆனால் டேங்கின் உறுமல் அடங்கவில்லை.

சூபர்வைசர் ரத்தினம் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் ஈரம். "தொறக்கலாமான்னு கேளும்மா. உள்ள கெடக்கிற துணி இன்னும் செத்த நேரம் வெந்தா இத்துப்போகும். சாயந்தரம் லாரி வந்து நிக்கும். முதலாளி மதுரையில இருந்து வந்து என்னையத்தான் பிடிப்பாரு."

"மே வி ஓப்பன் இட்?" என்று மாஜிதா கேட்டாள்.

முள் மெதுவாக இறங்கியதா, சட்டென்று விழுந்ததா என்று டாசன் திருப்பிக் கேட்டார். சட்டென்று என்றாள். பிறகு அவர் வேகமாகப் பேசினார். பம்ப் ஓடுகிறதா? ஓடுகிறது. "யூ நீட்ன்ட் ஸ்டாப் த பம்ப்," என்றார். "பட் யூ மஸ்ன்ட் ஓப்பன் த லிட்."

மாஜிதா ரிசீவரை ஒரு கையால் பொத்திக்கொண்டு ரத்தினத்தைப் பார்த்தாள். "பம்ப்பை நிறுத்த வேண்டாமாம் அண்ணாச்சி. மூடியைத் தொறக்க வேண்டாமாம்."

"வேண்டாமாமா?"

"ஆமா. வேண்டாமாம்."

ரத்தினம் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் படியிறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. டாசன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். முள்ளுக்குப் போகிற குழாயில் பஞ்சு அடைத்திருக்கும், அப்படியானால் முள் சொல்வதை நம்ப முடியாது என்றார். டேங்க்கின் அடியில் இருக்கிற வால்வைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து, உள்ளே இருப்பதை முழுக்க வெளியேற்ற வேண்டும் என்றார்.

"தேர் மே பி ப்ரெஷர் இன்சைட்," என்றவர் நிறுத்தினார். உறுமல் இன்னும் கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றாள். "தென் தேர் மஸ்ட் பி ப்ரெஷர்," என்றார்.

முதலில் இருக்கலாம் என்றார். இப்போது இருந்தே தீரும் என்கிறார். ஒரு சொல்தான் மாறியது.

"அவர்களிடம் சொல்லிவிட்டாயா? மஸ்ன்ட் என்று சொன்னாயா?" என்று டாசன் கேட்டார்.

"எஸ்," என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. நிறுத்த வேண்டாம். தொறக்க வேண்டாம். அவர் இரண்டு சொல் சொன்னார். பம்ப்பை நிறுத்தினாலும் சரி, நிறுத்தாவிட்டாலும் சரி என்பது ஒன்று. மூடியில் கையே வைக்கக்கூடாது என்பது இன்னொன்று. அவள் இரண்டையும் ஒரே சொல்லில், ஒரே குரலில் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்தவரிடம் "நீங்க எந்திரிக்க வேண்டாம்" என்பதும் வேண்டாம்தான். பிள்ளையைக் கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்று அதட்டுவதும் வேண்டாம்தான். கேட்கிறவனுக்கு அவசரம் இருந்தால் எதை எடுத்துக்கொள்வான்? ரத்தினத்துக்கு லாரி அவசரம்.

பரீட்சையில் இந்த இரண்டு இங்கிலீஷ் சொல்லுக்கும் வித்தியாசம் எழுதி முழு மார்க் வாங்கியவள் அவள்.

ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள்.

ஆபீசுக்கும் டேங்க் ஷெட்டுக்கும் நடுவில் துணி காயப்போடுகிற களம் இருந்தது. கம்புகளில் வரிசை வரிசையாக வெள்ளைத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. துணியை விலக்கி விலக்கி ஓடினாள். "கூடாது" என்று கத்தினாள். அவள் குரலைக் காற்று பின்னால் கொண்டுபோனது. சேலை காலைத் தட்டியது. ஒரு கம்பில் மோதித் தோள்பட்டையில் வலித்தது, நிற்கவில்லை.

ஷெட்டுக்குள் பம்ப் இரைச்சல். டேங்க்கின் மேல் பலகையில் சோலைச்சாமி குனிந்து நின்றிருந்தார். மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிற ஆள், நாற்பது வயசிருக்கும். கையில் நீளமான ஸ்பேனர். ரத்தினம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்டு ஏற்கெனவே கழன்று பலகையில் கிடந்தது. அடுத்ததில் ஸ்பேனரைப் போட்டு சோலைச்சாமி உடம்பைச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"சோலைச்சாமிண்ணே, தொறக்கக் கூடாது. கையை எடுங்க, தொறக்கக் கூடாது."

அவர் என்ன என்பதுபோலத் திரும்பினார். அந்த நேரத்தில் நட்டு இளகியது. மூடியின் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை சீறிக்கொண்டு வந்து அவர் வலது கையை மூடியது. அவர் போட்ட சத்தம் பம்ப் இரைச்சலுக்கு மேலே கேட்டது. ஸ்பேனர் கீழே விழுந்தது. பிறகு அவரும் விழுந்தார். ரத்தினம் தாங்கிப் பிடித்ததில் இரண்டு பேரும் சிமெண்ட் தரையில் சரிந்தார்கள்.

மூடி இன்னும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மற்ற நட்டுகள் தாங்கின. தாங்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆட்கள் வாசலைப் பார்த்து ஓடினார்கள். பம்ப் பக்கம் நின்ற பொன்னுராஜ் மட்டும் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்தணுமா, நிறுத்தப்பிடாதா?"

"நிறுத்தணும்னு கட்டாயமில்ல. நிறுத்துனாலும் ஒண்ணும் ஆகாது. அதை விடுங்க. அடிவால்வைத் தொறக்கணும், கொஞ்சங்கொஞ்சமாத் தொறக்கணும். அதைச் செஞ்சே ஆகணும்."

சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாசலில் நின்று ரத்தினத்திடம் சொல்லும்போது இந்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயிருந்தன?

பொன்னுராஜ் குனிந்து வால்வைத் திருகினார். கொதிக்கிற காரத் தண்ணீர் சாக்கடையில் பாய்ந்தது. ஷெட் முழுக்க ஆவி கட்டியது. உறுமல் மெல்ல மெல்ல அடங்கியபோது, ஆபீசில் அந்த ரிசீவர் இன்னும் மேஜையில் கிடந்து கத்திக்கொண்டிருந்திருக்கும்.

ராஜபாளையத்து டாக்டர் மருந்து போட்டுக் கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மில் வேனில் மாஜிதாவும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் சோலைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ஒரே ஒருமுறைதான் பேசினார். "அந்த வெள்ளக்காரரு என்னதாம்மா சொன்னாரு?"

முன் சீட்டில் இருந்த ரத்தினம் திரும்பவில்லை. அவர் பிடரி மட்டும் விறைத்தது.

"தொறக்கக் கூடாதுன்னாரு," என்றாள் மாஜிதா.

சோலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் அவர் மனைவி வேலுத்தாய் வந்து சேர்ந்தாள். வழியிலேயே மில் ஆட்கள் நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாஜிதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். படித்த பெண் ஒருத்தி நிற்கிறாள் என்று அவளிடம் இங்கிலீஷிலேயே பேசினார். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் ஆழமாக வெந்திருக்கிறது, ஆனால் "ஹி ஷுட் பி ஏபிள் டு யூஸ் த ஹேண்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"கை வருமா? என்ன சொன்னாக?" என்றாள் வேலுத்தாய்.

வந்துரும் அக்கா என்று சொல்ல மாஜிதாவுக்கு வாய் துடித்தது. சொன்னால் அந்த முகம் கொஞ்சம் இளகும். ஆனால் டாக்டர் வரும் என்று சொல்லவில்லை. வரலாம் என்றும் சொல்லவில்லை. வந்தாக வேண்டும், வரவில்லை என்றால்தான் அதிசயம், ஆனாலும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன் என்கிற இடம் அது. காலையில் ஒரு சொல்லை இழந்தது போதும்.

"வரும்னுதான் எதிர்பாக்காக. வரணும்னு சொல்றாக. ஆனா உறுதியாச் சொல்லல அக்கா."

"காலையிலயும் இப்பிடிப் புட்டுப்புட்டுச் சொல்லியிருக்கலாம்ல," என்றாள் வேலுத்தாய்.

சாயந்தரம் மாஜிதாவின் அண்ணன் அகமது கபீர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதே மில்லில் ஸ்டோர் கீப்பர். அவன்தான் அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். வராந்தா மூலைக்கு அவளைக் கூட்டிப்போனான்.

"நாளைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வாராரு. முதலாளி சொல்லி அனுப்பியிருக்காரு. நீ கூடாதுன்னு சொன்னேன்னு சொல்லிரு. ரத்தினம் அண்ணாச்சியும் ஆமான்னுருவாரு. சோலைச்சாமி அவசரப்பட்டுட்டான்னு போயிரும்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்னா, நான் சொன்னதையே சொல்லிட்டுப் போறேன். எதுக்கு மாத்தச் சொல்றே?"

கபீர் பேச்சை மாற்றி அப்பாவை இழுத்தான். "அத்தாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றான். "பழி உம் மேல விழும். உன் வேலை போகும், என் வேலையும் போகும். உனக்கு ஒரு வார்த்தை பெருசாப் போச்சு."

அன்றைக்கு இரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனுஷர். ரத்தினமும் கபீரும் பெஞ்சில் இருந்தார்கள். அறைக்குள்ளே சோலைச்சாமி முனகுவது கேட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வேலுத்தாய் நின்றாள்.

"இன்ஜினீயர் போன்ல என்ன சொன்னாரும்மா?"

"மஸ்ட் நாட் ஓப்பன்னு சொன்னாரு சார்."

"நீங்க சூபர்வைசர்கிட்ட அதைச் சொன்னீங்க."

பெஞ்சில் கபீர் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அறைக்குள் கிடக்கிறவர் மேல் போய் முடியும்.

"இல்ல சார். தொறக்க வேண்டாம்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "அதானே, மஸ்ட் நாட்."

"இல்ல சார். பம்ப்பை நிறுத்தணும்னு அவசியமில்லைன்னு அவரு சொன்னதுக்கும் வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டுக்கும் ஒரே வேண்டாம்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா தமிழ்ல."

"நான் உங்ககிட்ட, சார், நாளைக்கு நீங்க வர வேண்டாம்னு சொன்னா, அது வரக்கூடாதுன்னு தடுக்கிறதா? இல்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்றதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். யோசித்தார். "சொல்ற விதத்தைப் பொறுத்து."

"நான் ஒரே விதமாத்தான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் எழுதப் போய் நிறுத்தினார். அவர் அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. "அப்ப நான் என்னன்னு எழுத? நீட் நாட்டா, மஸ்ட் நாட்டா?"

"எதுவும் போடாதீங்க சார். ரெண்டுல எதைப் போட்டாலும் நான் சொன்னதா ஆகாது. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழ்லயே எழுதுங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் வரிக்கு நடுவே தமிழில் 'வேண்டாம்' என்று எழுதினார். பிறகு ரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?"

ரத்தினம் எழுந்து நின்றார். துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். "அவசியமில்லேன்னு எடுத்துக்கிட்டேன்," என்றார். "முள்ளும் பூஜ்யத்துல நின்னுச்சு. தொறன்னு நான்தான் சொன்னேன். சோலைச்சாமியாத் தொறக்கல."

முதலாளி சொல்லி அனுப்பியதை அவரும் சொல்லவில்லை. கபீர் எழுந்து வெளியே போனான். நிலையைப் பிடித்திருந்த வேலுத்தாயின் கை மெல்ல இறங்கியது.

மில் மேல் இன்ஸ்பெக்டர் போட்ட வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தபோது தொண்ணூற்றொன்று ஆகிவிட்டது. அதற்குள் மாஜிதா மில்லை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். கபீர் வேலை போகவில்லை. ஆனால் ஆறு மாதம் தங்கையோடு பேசவில்லை. சோலைச்சாமியின் கை வந்தது, இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. மில்லிலேயே துணி மடிக்கிற பிரிவில் வேலை கொடுத்திருந்தார்கள்.

கூண்டில் ஏறிய மாஜிதாவிடம் முதலாளியின் வக்கீல் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டுக் கடைசியில் நேராக வந்தார். "நீங்க கூடாதுன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கு இந்த விபத்து நடந்திருக்காது. சரிதானே?"

மூன்று வருஷமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்தாள்.

"நடக்காம இருந்திருக்கலாம்."

"நான் கேட்டது, நடந்திருக்காதுதானே?"

"அது எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி அவள் சொன்னபடியே எழுதச் சொன்னார். முள்ளின் குழாயை யாரும் ஒருமுறைகூடச் சுத்தம் செய்யவில்லை என்பது பிறகு பொன்னுராஜின் சாட்சியத்தில் வந்தது. மில்லுக்கு அபராதம் போட்டார்கள்.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் ரத்தினம் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். மில்லில் இருந்து ஓய்வு பெற்றிருந்தார், உடம்பு இளைத்திருந்தது.

"கூடாதுன்னு நீ சொல்லியிருந்தாலும் நான் தொறக்கத்தான் சொல்லியிருப்பேம்மா," என்றார். "லாரிதான் என் கண்ணுல நின்னுச்சு."

"நெசமாவா அண்ணாச்சி? இல்ல, என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். ராஜபாளையம் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருப்பேன்னுதான் தோணுது. சத்தியமா எனக்கே தெரியல," என்று சொல்லிவிட்டு, அவர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.